புற்றுநோய் என்று நோயாளியிடம் சொல்வது எப்படி? வார்டிலும் ஓபியிலும் வேலை செய்பவர்களுக்கான முழு வழிகாட்டி

புற்றுநோய்ப் பிரிவுக்குப் புதிதாக வரும் பயிற்சி மருத்துவர்கள், முதுநிலை மாணவர்கள், செவிலியர்கள், ஆலோசகர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். ஓர் அரசு மருத்துவமனையில், நோயாளியின் வலியையும் வேதனையையும் குறைக்கும் நோய் ஆதரவு சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே, புதியவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பழக்கி வருகிறேன். அவர்களில் யாருக்கும் அக்கறை குறைவில்லை. தடுமாறுவதெல்லாம் வரிசையில்தான். கேட்க வேண்டிய நேரத்தில் சொல்லிவிடுகிறார்கள். நிறுத்த வேண்டிய இடத்தில் பேசிக்கொண்டே போகிறார்கள்.

பெய்ல், பக்மன் முதலானோர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட, கெட்ட செய்தியைச் சொல்வதற்கான 'ஸ்பைக்ஸ்' முறையைப் படித்திருப்பீர்கள். இடத்தைத் தயார் செய்வது, நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது, எவ்வளவு தெரிய விரும்புகிறார் என்று கேட்பது, சொல்வது, அவர் மனநிலையைக் கவனிப்பது, அடுத்த திட்டத்தைப் பேசுவது என்று ஆறு படிகள். அந்த வரிசை சரியானது, நானும் அதைத்தான் பின்பற்றுகிறேன். ஆனால் நம் ஊர் ஓபியில் முதல் படிக்கும் இரண்டாம் படிக்கும் நடுவில், வாசலில் ஒரு மகன் நிற்பார். "டாக்டர், அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்பார். அவரையும் சேர்த்துத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முன்கூட்டியே தேவைப்படுபவை: கதவு உள்ள ஓர் அறை, மூன்று நாற்காலிகள், குடிக்கத் தண்ணீர், முழு ரிப்போர்ட், கூட ஒரு செவிலியர், இடையூறு இல்லாத இருபது முதல் முப்பது நிமிடம். நேரம்தான் கிடைக்காது என்று எல்லோரும் சொல்கிறார்கள். காலை ஓபி கூட்டத்துக்கு நடுவே சொல்லாமல், கடைசி டோக்கனுக்கு அப்புறம் அவரை வரச் சொன்னால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

1. ரிப்போர்ட்டை முழுதாகப் படித்து முடியுங்கள்

முதலில் பெயர், வயது, ஓபி எண் மூன்றும் ரிப்போர்ட்டோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஒரே நாளில் இரண்டு செல்விகள் வருவது நம்மிடம் சாதாரணம். இந்தச் செய்தியை ஆள் மாற்றிச் சொல்லிவிட்டால் அதற்கு மன்னிப்பே கிடையாது.

அடுத்து, நோய் பயாப்சியில் (சதை எடுத்துச் செய்யும் சோதனையில்) உறுதியாகியிருக்கிறதா, ஸ்கேனில் சந்தேகம் மட்டுமா என்று பிரித்துக்கொள்ளுங்கள். சந்தேகம் மட்டும் என்றால் உறுதியான செய்தி போலச் சொல்லக் கூடாது. அதற்காக மறைக்கவும் கூடாது. "ஸ்கேன்ல ஒரு கட்டி தெரியுதும்மா. கேன்சரா இருக்குமோன்னு சந்தேகம் இருக்கு. சதை எடுத்து டெஸ்ட் பண்ணாத்தான் உறுதியா தெரியும்" என்று சொல்லலாம். இந்தச் சந்தேகத்தைச் சொல்லாமல் "சும்மா ஒரு டெஸ்ட்" என்று அனுப்பினால் பலர் பயாப்சிக்கு வருவதே இல்லை. சதையைத் தொட்டால் நோய் பரவிவிடும் என்று ஊரில் யாராவது சொல்லியிருப்பார்கள். அந்தப் பயத்தையும் அப்போதே பேசித் தீர்த்து அனுப்புங்கள்.

மூன்றாவதாக, அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பது உங்கள் கையில் இருக்க வேண்டும். யாரைப் பார்க்க வேண்டும், எந்தத் தேதி, எந்த அறை என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். செய்தியைக் கேட்டவர் மூச்சு திரும்பியதும் கேட்கும் முதல் கேள்வி "இப்ப என்ன பண்றது?" என்பதுதான். அப்போது நீங்கள் முழித்தால், அவருக்கு அது 'ஒன்றும் செய்ய முடியாது' என்ற பதிலாகவே போய்ச் சேரும்.

2. இடம், நேரம், பசி

நின்றுகொண்டு சொல்லாதீர்கள். நீங்கள் நிற்க அவர் படுத்திருந்தால், எப்போது கிளம்புவீர்களோ என்ற கவலையிலேயே அவர் எதையும் கேட்க மாட்டார். நாற்காலியை இழுத்து, அவர் கண்மட்டத்தில் உட்காருங்கள். நடுவில் மேசை வேண்டாம். ஃபோனை சைலன்ட்டில் போட்டு செவிலியரிடம் கொடுத்துவிடுங்கள். அறையே இல்லாத வார்டு என்றால் திரையை இழுத்து மூடி, பக்கத்துக் கட்டிலின் துணையாளரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லுங்கள்.

பசியைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் படித்த நினைவு எனக்கு இல்லை. ஸ்கேனுக்காக அதிகாலையிலிருந்து வெறும் வயிற்றோடு இருப்பவரிடம் நண்பகலில் இதைச் சொன்னால் தலைசுற்றி விழுந்துவிடுகிறார். "சாப்டீங்களா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் இட்லி சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் கேளுங்கள். பஸ் போய்விடுமோ என்று கதவையே பார்த்துக்கொண்டிருப்பவரிடம் எதையும் விளக்க முடியாது.

செவிலியர் கூட இருப்பது மரியாதைக்காக அல்ல. மருத்துவர் எழுந்து போனதும் நோயாளி "சிஸ்டர், அவரு என்ன சொன்னாரு?" என்றுதான் கேட்பார். எந்த வார்த்தைகளில் சொல்லப்பட்டது என்று கூட இருந்தவருக்குத்தான் தெரியும். செவிலியர் வேறு வார்த்தையில் சொன்னால், இரண்டு பேரும் எதையோ மறைக்கிறார்கள் என்று நோயாளி முடிவு கட்டிவிடுவார்.

3. வாசலில் நிற்கும் மகனிடம் முதலில் பேசுங்கள்

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். ஒரு சாரார் "அது நோயாளியோட உரிமை, சொல்லித்தான் ஆகணும்" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடுகிறார்கள். இன்னொரு சாரார் "சரி சார், சொல்லல" என்று வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டும் தவறு. முதல் வழியில் போனால் குடும்பம் நோயாளியைக் கூட்டிக்கொண்டு வேறு எங்காவது போய்விடும், சிகிச்சை தள்ளிப்போகும். இரண்டாவது வழியில் போனால் அன்றிலிருந்து நீங்கள் நோயாளியின் கண்ணைப் பார்த்துப் பேச முடியாது.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது: சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடிய வயதுவந்தவருக்கு அவருடைய சம்மதம்தான் சம்மதம். அந்த வழக்கில் மயக்க நிலையில் இருந்த பெண்ணுக்குப் பதிலாக அவருடைய தாயார் கொடுத்த ஒப்புதலை நீதிமன்றம் ஏற்கவில்லை. என்ன நோய், எதற்காகச் சிகிச்சை என்று தெரியாமல் கீமோ படிவத்தில் கைநாட்டு வாங்கினால் அது சம்மதம் ஆகாது. ஆனால் இதை மகனிடம் வாதமாக எடுத்து வைக்காதீர்கள். சட்டம் பேசியதும் அவர் மனசை மூடிக்கொள்வார்.

நான் செய்வது இதுதான். மகனைத் தனியாக உட்கார வைத்து, "அம்மா மேல எவ்வளவு பாசம்னு தெரியுது. சொன்னா என்ன ஆயிடும்னு பயப்படுறீங்க?" என்று கேட்பேன். "உடைஞ்சு போயிடுவாங்க, சாப்பிட மாட்டாங்க, சிகிச்சை வேணாம்னுடுவாங்க" என்று கொட்டுவார். குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்பேன். பிறகு, "இதை மனசுல வச்சுக்கிட்டு வீட்ல எப்படி இருக்கீங்க?" என்பேன். பெரும்பாலும் அவர் அழுவது அந்த இடத்தில்தான். ரிப்போர்ட் வந்த நாளிலிருந்து அவர் தனியாகச் சுமந்துகொண்டிருக்கிறார். அதை அதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அதற்கு அப்புறம் இரண்டு விஷயம் கேட்பேன். "அம்மா உங்ககிட்ட ஏதாவது கேட்டாங்களா?" என்பது ஒன்று. "எனக்கு என்னடா வந்திருக்கு, ஏன் எல்லாரும் ஒரு மாதிரி இருக்கீங்கன்னு கேட்டாங்க" என்பார். "நாளைக்கு கீமோ வார்டுல பக்கத்துக் கட்டில்காரங்க சொல்லித் தெரிஞ்சா என்ன ஆகும்?" என்பது மற்றொன்று. முடி கொட்டும்போது தெரிந்துவிடும், வாசலில் உள்ள போர்டைப் படித்தாலே தெரிந்துவிடும் என்பதை அவரே யோசித்துச் சொல்வார்.

கடைசியில் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்வேன்: "நானா போய் எதையும் திணிக்க மாட்டேன். அவங்களுக்கு எவ்வளவு தெரியணும்னு அவங்களையே கேட்பேன். அவங்க நேரா கேட்டா பொய் சொல்ல மாட்டேன். நீங்களும் கூடவே உக்காருங்க." இந்த நாலு வாக்கியத்தை அப்படியே மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். இதற்கும் மறுத்தவர்கள் எனக்கு மிகக் குறைவு.

ஒரு முறை அப்படிப் பேசிவிட்டு மகனையும் அழைத்துக்கொண்டு உள்ளே போனேன். அந்த அம்மா மடியில் இருந்த மஞ்சப்பையின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டு முடிப்பதற்குள், "கேன்சர்தானே சாமி? அவன் மூஞ்சியப் பார்த்தே தெரிஞ்சுக்கிட்டேன். அவன் தாங்க மாட்டான்னுதான் கேக்கல" என்றார். மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இருவரும் அன்று வரை ஒருவருக்காக ஒருவர் நடித்துக்கொண்டிருந்தார்கள். இதே காட்சியைப் பிறகு வேறு வேறு முகங்களில் பல தடவை பார்த்திருக்கிறேன்.

4. அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேளுங்கள்

சொல்வதற்கு முன் கேளுங்கள்: "இதுவரைக்கும் டாக்டருங்க உங்ககிட்ட என்ன சொல்லியிருக்காங்க?" "இந்த டெஸ்ட் எல்லாம் எதுக்கு எடுத்தாங்கன்னு நினைக்கிறீங்க?" "உங்க மனசுல என்ன ஓடுது?" மூன்றில் ஒன்று போதும்.

காரணம் எளிது. அவர் நிற்கும் இடம் தெரியாமல் அவரை அடுத்த அடி நடத்திக் கூட்டிப்போக முடியாது. "அல்சருன்னு சொன்னாங்க" என்பவருக்கு நீண்ட தூரம் போக வேண்டும். "எங்க அக்காவுக்கு வந்ததுதான் எனக்கும்னு தோணுது" என்பவருக்கு ஒரு வாக்கியம் போதும். ஆனால் அந்த அக்கா எப்படி இறந்தார் என்பதைக் கேட்டாக வேண்டும். அக்காவுக்கு நடந்ததுதான் தனக்கும் நடக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் அவர் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

அவர் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார் என்றும் கவனியுங்கள். கட்டி, புண், கழலை, கேன்சர், புத்து என்று எது அவர் வாயில் வருகிறதோ அந்தச் சொல்லிலிருந்து தொடங்குங்கள். ரேடியேஷனை நம் மக்கள் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். திருத்தத் தேவையில்லை. ஷாக் அடிக்காது, வலிக்காது என்று மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இப்போது இன்னொரு நிலைமையும் அடிக்கடி வருகிறது. லேப் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் முதலிலேயே வந்துவிடுகிறது. கல்லூரியில் படிக்கும் மகள், ரிப்போர்ட்டில் புற்றுநோயைக் குறிக்கும் 'கார்சினோமா' என்ற சொல்லைத் தேடிப் பார்த்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் வந்திருப்பாள். "ரிப்போர்ட்டைப் பார்த்தீங்களா? என்ன புரிஞ்சுது?" என்று நேராகவே கேட்டுவிடுங்கள். பார்க்காத மாதிரி இருவரும் பேச வேண்டியதில்லை.

5. எவ்வளவு தெரிய வேண்டும் என்று அனுமதி கேளுங்கள்

"ரிசல்ட் வந்திருக்கு. எல்லாத்தையும் விவரமா சொல்லவா, முக்கியமானத மட்டும் சொல்லவா? இல்ல, வீட்ல யார்கிட்டயாவது பேசணுமா?" இந்த ஒரு கேள்வியைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம். கேட்டால் ஐந்து நொடிதான் ஆகும்.

"எல்லாத்தையும் சொல்லுங்க" என்றால் அடுத்த படிக்குப் போகலாம். "எனக்கு ஒண்ணும் தெரிய வேணாம், பெரியவன்கிட்ட சொல்லிடுங்க" என்றால் அதையும் மதிக்க வேண்டும். தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் அவர் எடுத்த முடிவுதான். ஆனால் அதை அவர் வாயால் சொல்லியிருக்க வேண்டும், மகன் வாயால் அல்ல. கேஸ் ஷீட்டில் அவர் சொன்னதை அப்படியே எழுதி வையுங்கள். அடுத்த முறை வரும்போது மறுபடி கேளுங்கள். முதல் நாள் வேண்டாம் என்றவர்கள் மூன்றாம் வாரம் கேட்பதுண்டு.

6. முன்னெச்சரிக்கை, ஒரு வாக்கியம், நிறுத்தம்

முதலில் மனசைத் தயார்படுத்த ஒரு வரி: "நாம எதிர்பார்த்த மாதிரி ரிசல்ட் வரலம்மா." இரண்டு மூச்சு இடைவெளி விடுங்கள். பிறகு செய்தி: "சதை டெஸ்ட்ல கர்ப்பப்பை வாயில கேன்சர் இருக்குன்னு வந்திருக்கு." அவ்வளவுதான், நிறுத்துங்கள்.

அந்த முன்வரி எதற்கு என்றால், திடீரென்று விழுந்தால் செய்தி காதில் விழுந்தாலும் மனசில் ஏறாது. நல்ல செய்தி இல்லை என்று இரண்டு நொடி முன்னால் தெரிந்தாலும் அவர் தன்னைக் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்.

'கேன்சர்' என்ற சொல்லை ஒரு தடவையாவது சொல்ல வேண்டும். கட்டி, வளர்ச்சி, கெட்ட சதை என்று சுற்றி வளைத்தால் அவர் கட்டியைக் கரைக்க மருந்து கேட்டுவிட்டு, ஊருக்குப் போய் அறுவடையை முடித்துவிட்டு வருகிறேன் என்பார்.

நம் மொழியில் சில சொற்கள் காலை வாரிவிடும். இவற்றை அறவே தவிர்த்துவிடுங்கள்.

'பாசிட்டிவ்'. நான் புதிதாக வேலைக்கு வந்தபோது ஒரு பெரியவரிடம் "ரிசல்ட் பாசிட்டிவா வந்திருக்கு ஐயா" என்றேன். அவர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டு, "நல்ல சேதி சொன்னீங்க தம்பி" என்றார். அந்தக் கும்பிட்ட கைகளுக்கு முன்னால் மறுபடி எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. அன்றிலிருந்து அந்தச் சொல்லை நோயாளியிடம் பயன்படுத்தியதில்லை.

'முன்னேறிய நிலை'. ஆங்கிலத்தில் படித்ததை அப்படியே மாற்றிச் சொல்வதால் வரும் வினை இது. "நோய் முன்னேறிய நிலையில இருக்கு" என்றால் உடம்பு தேறி வருகிறது என்றுதான் தமிழில் காதுக்குப் படும். "நோய் மத்த இடத்துக்கும் பரவியிருக்கு" என்று சொல்லுங்கள்.

'மருந்து நல்லா கேக்குது' என்பதை முழுக் குணம் என்று எடுத்துக்கொள்வார்கள். கட்டி சுருங்கியிருக்கிறது என்றால் சுருங்கியிருக்கிறது என்றே சொல்லுங்கள். 'குணப்படுத்தலாம்', 'கட்டுப்பாட்டில் வைக்கலாம்' ஆகிய இரண்டையும் மாற்றி மாற்றிப் பேசாதீர்கள். இரண்டுக்கும் உள்ள தூரத்தை வைத்துத்தான் ஒரு குடும்பம் நிலத்தை விற்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறது.

7. பிறகு பேசாமல் இருங்கள்

செய்தியைச் சொன்னவுடன் வரும் மௌனத்தைத் தாங்க முடியாமல் புதியவர்கள் உடனே கீமோ, தேதி, காப்பீட்டு அட்டை என்று பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அதில் ஒரு வார்த்தைகூட நோயாளிக்குள் போவதில்லை. அந்த நேரத்தில் அவர் மனம் பிள்ளைகள் பக்கம் போயிருக்கும், இல்லையென்றால் இறந்துபோன யாரோ ஒருவரிடம். அவர் திரும்பி வரும்வரை காத்திருங்கள். மனசுக்குள் முப்பது வரை எண்ணச் சொல்லித்தான் நான் பழக்குகிறேன். பத்து எண்ணுவதற்குள் பேச வேண்டும் போல இருக்கும், பேசாதீர்கள்.

அழுதால் அழட்டும். தண்ணீரை அருகில் தள்ளி வையுங்கள். "அழாதீங்க", "தைரியமா இருங்க" இரண்டும் வேண்டாம். அழக் கூடாது என்று அவருக்குக் கேட்கும், அப்புறம் உங்கள் முன்னால் எதையும் சொல்ல மாட்டார். அதற்குப் பதிலாகக் கண்ணில் தெரிவதை மட்டும் சொல்லுங்கள்: "இது எவ்வளவு பெரிய அதிர்ச்சின்னு தெரியுதும்மா." கையைத் தொடுவது பழக்கமும் வயதும் பார்த்து. பெண் நோயாளி என்றால் பெரும்பாலும் செவிலியர் கைதான் சரி.

கோபப்பட்டால் பதிலுக்கு நியாயம் பேசாதீர்கள். "மூணு மாசமா அலையிறேன், எவனும் சொல்லலியே" என்று அவர் கத்தினால், "இவ்வளவு நாள் அலைஞ்சும் யாரும் சொல்லலைன்னா கோபம் வரத்தான் செய்யும்" என்று மட்டும் சொல்லுங்கள். முன்பு பார்த்த மருத்துவரைக் குறை சொல்லவும் வேண்டாம், காப்பாற்றவும் வேண்டாம்.

நம்மிடம் மிக அதிகமாக வருவது குற்ற உணர்ச்சி. "என்ன பாவம் பண்ணேனோ" என்பார்கள். இதற்கு மௌனம் கூடாது, உடனே பதில் சொல்லுங்கள்: "நீங்க செஞ்ச பாவத்தால வர்ற நோய் இல்லம்மா இது." தொட்டால் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிடலாம், பேரப்பிள்ளையைத் தூக்கலாம் என்பதையும் அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். மருத்துவமனையிலிருந்து போன அன்றே தனித் தட்டு, தனி டம்ளர் என்று ஒதுக்கி வைத்த வீடுகள் உண்டு. புகையிலை போட்டு வாயில் நோய் வந்தவரிடம் அன்றைக்கு மட்டும் அறிவுரை வேண்டாம். நிறுத்தச் சொல்வதற்கு அடுத்த சந்திப்பு இருக்கிறது.

ஒன்றுமே பேசாமல், கண் கலங்காமல், "சரிங்க" என்று எழுந்து போகிறவரைத்தான் நான் அதிகம் கவனிப்பேன். அவரைத் தனியாக பஸ் ஏற விடாதீர்கள்.

8. அடுத்து என்ன என்பதைச் சொல்லுங்கள், ஆனால் கொஞ்சமாக

அவரே கேள்வி கேட்கத் தொடங்கினால்தான் திட்டத்துக்குப் போக வேண்டும். அதிலும் மூன்று விஷயத்துக்கு மேல் வேண்டாம்: என்ன சிகிச்சை, எப்போது தொடக்கம், அதுவரை வலிக்கும் தூக்கத்துக்கும் என்ன மருந்து. வலியை அன்றே குறைத்துவிட வேண்டும். வலியோடு வீட்டுக்குப் போகிறவர் நீங்கள் சொன்ன எதையும் நம்ப மாட்டார்.

பணத்தைப் பற்றி நீங்களே பேச்செடுங்கள். கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு கடன் வாங்கப் போய்விடுவார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் எந்த கவுன்டருக்குப் போக வேண்டும் என்று ஆளைக் கூட அனுப்புங்கள். சிகிச்சைக்கு வந்து போக ரயில் கட்டணச் சலுகை உண்டு, அதற்கான சான்றிதழை அன்றே எழுதிக் கொடுக்கலாம்.

எல்லாவற்றையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில், தமிழில் எழுதிக் கொடுங்கள். தேதி, அறை எண், பார்க்க வேண்டியவர். பிறகு, "வீட்டுக்குப் போனதும் மக கேட்டா என்ன சொல்வீங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்வதிலிருந்து அவருக்கு எது புரிந்தது, எது புரியவில்லை என்று துல்லியமாகத் தெரியும். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அது பதில் இல்லை.

நோயைக் குணமாக்க முடியாத நிலை என்றால் ஒரே ஒரு வாக்கியத்துக்குத் தடை: "இனிமே ஒண்ணும் பண்ண முடியாது, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க." இது உண்மையும் இல்லை. வலியை, மூச்சுத்திணறலை, புண்ணின் நாற்றத்தை, தூக்கமின்மையைக் குறைக்க நம்மிடம் நிறைய இருக்கிறது. கடும் வலிக்கு மார்பின் மாத்திரை இருக்கிறது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய் ஆதரவு சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. "இந்த நோயை முழுசா எடுக்க முடியாத நிலையில இருக்கோம். ஆனா உங்க வலியைக் குறைக்கலாம், நீங்க வீட்ல நிம்மதியா இருக்க எல்லாம் செய்வோம், நான் கூடவே இருக்கேன்" என்று சொல்லுங்கள். கடைசிப் பகுதியைச் சொல்லிவிட்டு அடுத்த தேதி கொடுக்காமல் விட்டால் அது வெறும் பேச்சாகிவிடும்.

9. "எவ்வளவு நாள்?" என்று கேட்டால்

முதலில், எதற்காகக் கேட்கிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள். "எதை நினைச்சுக் கேக்கறீங்கம்மா?" என்றால் பதில் வரும். மகள் கல்யாணம் தை மாதம் இருக்கலாம், வெளிநாட்டில் இருக்கும் மகனை இப்போதே வரச் சொல்வதா என்று இருக்கலாம். அவருக்கு வேண்டியது எண் அல்ல, அந்த முடிவு.

'ஆறு மாதம்' என்று ஒற்றை எண்ணைச் சொல்லாதீர்கள். காலண்டரில் நாளை வட்டமிட்டு வைத்துக் காத்திருந்த குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன். அந்த நாள் வரும் முன் இறந்தால் நம் மேல் கோபம். தாண்டினால் தினமும் பயம். நாள்கணக்கா, வாரக்கணக்கா, மாதக்கணக்கா, வருடக்கணக்கா என்ற அளவில் சொல்லுங்கள். "மாசக்கணக்குலதான் இருக்கும்னு நினைக்கிறேன். அதைவிட நல்லா இருந்தா எனக்கும் சந்தோஷம். ஆனா கல்யாணத்தைத் தள்ளிப் போட வேணாம்" என்பது போல.

"தெரியாது, கடவுள் கையில இருக்கு" என்று தப்பிப்பதும் சரியல்ல. கடவுளைப் பற்றி அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். மருத்துவருக்குத் தெரிந்ததைத்தான் அவர் கேட்கிறார்.

10. ஃபோனிலும் வேற்று மொழியிலும்

ஃபோனில் சொல்ல வேண்டாம், வரச் சொல்லுங்கள். வெளியூரில் இருந்து வர முடியாதவர் வற்புறுத்திக் கேட்டால், வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறாரா, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். அன்று மாலையே இன்னொரு தடவை கூப்பிட வேண்டும்.

ஒடியா, இந்தி, வங்காளம் பேசும் தொழிலாளர்கள் இப்போது எல்லா மாவட்டத்திலும் வருகிறார்கள். கூட வருபவர் பெரும்பாலும் மேஸ்திரியாக இருப்பார். அவர் வழியாகச் சொல்லாதீர்கள். நோய் தெரிந்த அன்றே வேலை போய்விடக்கூடும். மருத்துவமனையிலேயே அந்த மொழி பேசும் ஊழியரைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் நோயாளியைக் கேட்டு, அவர் நம்பும் ஊர்க்காரரை ஃபோனில் பிடியுங்கள். வார்த்தைக்கு வார்த்தை சொல்லும்படி மொழிபெயர்ப்பவரிடம் முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள்.

11. அவர் கிளம்பும் முன்னும் பின்னும்

நோய் தெரிந்த முதல் சில வாரங்களில் தற்கொலை எண்ணம் வருவது அதிகம். கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம், கேட்பதால் அப்படி ஆவதில்லை. "இருக்கவே வேணாம்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். ஆமாம் என்றால் அன்று வீட்டுக்கு அனுப்பாமல் மனநல மருத்துவரைக் கூப்பிடுங்கள். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் எடுத்துவிடச் சொல்லி மகனிடம் தனியாகச் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416-ஐ எல்லோருடைய தாளிலும் எழுதிக் கொடுத்துவிடுவது என் பழக்கம்.

அவர் போனதும் கேஸ் ஷீட்டில் நாலு வரி எழுதுங்கள்: யார் யார் இருந்தார்கள், எந்த வார்த்தையில் சொன்னோம், அவர் எவ்வளவு தெரிய விரும்பினார், என்ன கேட்டார். 'நோய் விவரம் விளக்கப்பட்டது' என்ற வழக்கமான வரி யாருக்கும் உதவாது. இரவு டியூட்டி செவிலியரிடம் நோயாளி என்ன கேட்பார் என்பது அந்த நாலு வரியில் இருக்க வேண்டும்.

அடுத்த டோக்கனைக் கூப்பிடும் முன் முகம் கழுவிவிட்டு ஐந்து நிமிடம் வெளியே நின்றுவிட்டு வாருங்கள். உங்கள் கனத்தை அடுத்த நோயாளி மேல் இறக்கி வைக்கக் கூடாது.

மூன்றாம் நாள் ஃபோன் செய்யுங்கள், அல்லது வாரத்துக்குள் ஒரு தேதி கொடுங்கள். அன்று சிகிச்சையைப் பற்றிப் பேச்செடுக்காமல், "வீட்டுக்குப் போய் யார்கிட்ட எல்லாம் சொன்னீங்க? என்ன சொன்னாங்க?" என்று தொடங்குங்கள். முதல் நாள் சொன்னதில் பாதியை மறுபடி சொல்ல வேண்டியிருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு, மறுபடி நாலாவது படியிலிருந்து.